வடபுறத்துச் செங்கல் வரிசை

கட்டடங்களைப் பற்றி நாவலாசிரியன் எதற்காக எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நாவல் என்கிற இலக்கிய உருவமே வீட்டை நம்பி வளர்ந்தது என்பதுதான் என் பதில். காவியத்துக்குப் போர்க்களம் வேண்டும். நாவலுக்குக் கதவும் படிக்கட்டும் ஜன்னலும் இருந்தால் போதும். யார் எந்த அறைக்குள் நுழையலாம், யார் வாசலோடு நின்றுவிட வேண்டும், யார் பேச்சு யார் காதில் விழும் என்பவற்றை வைத்துக்கொண்டு நாவலாசிரியன் பாதிக் கதையை நடத்திவிடுகிறான். ஆகவே வீடு கட்டியவனுடைய வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன்.

நான் இங்கே எடுத்துக்கொண்டது நியூயார்க் நகரத்தில், வாஷிங்டன் சதுக்கத்தின் வடபுறத்தில் இருக்கும் செங்கல் வீடுகளின் வரிசை. ஐந்தாவது அவென்யூ என்ற பிரசித்தமான வீதி இந்தச் சதுக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வீதிக்குக் கிழக்கே, ஒன்றாம் எண்ணிலிருந்து பதின்மூன்றாம் எண் வரையில் உள்ள வீடுகளை அந்த ஊர்க்காரர்கள் வெறுமே 'வரிசை' என்று சொல்கிறார்கள். வேறு அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை. 1832, 1833 ஆகிய இரண்டு வருஷங்களில் எழுந்தவை அவை. ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் சதுக்கம்' என்ற நாவலைப் படித்தவர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே பழக்கமானதுதான். படிக்காதவர்களும் நான் சொல்வதைத் தொடரலாம்; கதையை வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தனி வீட்டைப் பார்ப்பதுபோல் வரிசை வீட்டைப் பார்க்கக் கூடாது. தனி வீட்டில் அதைக் கட்டியவனுடைய ஆசை என்ன என்று தேடுகிறோம். வரிசையிலோ ஒவ்வொருவரும் எந்த ஆசையை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பணக்கார வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் குடியிருப்பதற்காகக் கட்டிய வீடுகள் இவை. பக்கத்து வீட்டைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்ட அவர்களிடம் வசதி இல்லாமல் இல்லை. ஆனாலும் உயர்த்தவில்லை. கூரையின் விளிம்பு ஒரே கோடாக ஓடுகிறது. ஜன்னல்கள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. எல்லா வீடுகளும் தெருவிலிருந்து ஒரே அளவு உள்ளே தள்ளி, இரும்பு வேலிக்குப் பின்னால், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாத சபைபோல் அமைந்திருக்கின்றன. அயலானை மீறாமல் இருப்பதும் ஒரு கௌரவம் என்று நினைத்தவர்கள் கட்டிய தெரு என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

ஒரு நாள் பிற்பகல் முழுவதும் அந்தச் சதுக்கத்துப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து நான் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடபுறத்து வீடுகள் என்பதால் முகம் தெற்கே இருக்கிறது. வெயில் நேராக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது செங்கல்லின் சிவப்பு. அடுத்தபடியாக, அந்தக் கல்லை அடுக்கியிருக்கும் விதம். ஒரு கல்லை நீளவாட்டில் வைத்து, அடுத்ததைக் குறுக்குவாட்டில், தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மேல் வரியில் இந்தக் குறுக்குக் கல் கீழ் வரியின் நீளக் கல்லுக்கு நடுவில் வந்து உட்காருகிறது. பிளெமிஷ் கட்டு என்று இதற்குப் பெயர். நீளவாட்டிலேயே அடுக்கிக்கொண்டு போவதைவிட இதில் வேலையும் அதிகம், கல்லும் அதிகம். ஆனால் சுவருக்கு ஒரு நெசவுத் தன்மை வந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சிவப்பு. கிட்டே போனால் துணியின் இழைபோல் ஒரு சீர். வேறு அலங்காரம் எதுவும் இல்லாத இடத்தில் இந்தச் சீர்தான் சுவரைச் சலிப்பிலிருந்து காப்பாற்றுகிறது. நல்ல உரைநடையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது பளிங்கு. வீடு முழுவதையும் பளிங்கில் இழைக்காமல், எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு ஏறும் படிகள், அவற்றின் கைப்பிடிச் சுவர், கதவின் இரு பக்கத்துத் தூண்கள், ஜன்னல்களின் மேற்கல்லும் கீழ்க்கல்லும் ஆகிய இவைதான் வெள்ளை. மற்றதெல்லாம் செங்கல். அதாவது, வருகிறவனுடைய காலும் கையும் கண்ணும் படுகிற இடத்தில்தான் விலை உயர்ந்த பொருள். இதைச் சிக்கனம் என்றும் சொல்லலாம், கணக்குத் தெரிந்த வியாபாரியின் புத்தி என்றும் சொல்லலாம். எனக்கு இது இரண்டும் கலந்த நல்ல ரசனையாகவே படுகிறது. சிவப்பின் பரப்பு பெரிதாக இருப்பதால்தான் வெள்ளை பேசுகிறது. எல்லாமே வெள்ளையாக இருந்திருந்தால் அது மாளிகையாகியிருக்கும், தெருவாக இருந்திருக்காது.

தூண்கள் கிரேக்க பாணியில் அமைந்தவை. சில வாசல்களில் தடித்த, எளிய டோரிக் தூண்கள். சிலவற்றில் தலையில் சுருள் கொண்ட அயோனிக் தூண்கள். வேலியிலும் கிரேக்கத்து யாழ் வடிவமும் இலை வடிவங்களும் உண்டு. செங்கல் வியாபாரிகளின் ஊரில் கிரேக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1821இல் கிரேக்கர்கள் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தபோது அமெரிக்காவில் பெரிய அனுதாபம் பிறந்தது. குடியரசு என்ற எண்ணத்துக்குப் பிறந்த வீடு கிரேக்கம் என்ற பெருமிதமும் சேர்ந்துகொண்டது. மைனார்ட் லஃபேவர் போன்றவர்கள் கட்டடக்காரர்களுக்கென்று படங்களோடு கூடிய கையேடுகள் வெளியிட்டார்கள். ஏதென்ஸைக் கனவிலும் பார்த்திராத தச்சன்கூட அவற்றைப் பார்த்து அளவு தவறாமல் தூண் செதுக்க முடிந்தது. இரவல் உடைதான். ஆனால் உடம்புக்குப் பொருந்தும்படி தைத்துப் போட்டுக்கொண்ட இரவல்.

இதுவரை சொன்னதெல்லாம் முகத்தின் லட்சணம். முகத்தோடு நின்றுவிடுகிற விமரிசனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மண்ணின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்தச் சதுக்கம் அதற்கு முன்னால் இடுகாடு. 1797இல் நகராட்சி இந்த நிலத்தை வாங்கி, ஏழைகளையும் அநாதைகளையும் புதைக்கும் இடமாக்கிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊரைச் சூறையாடிய வருஷங்களில் இறந்தவர்கள் கும்பல் கும்பலாக இங்கே வந்து சேர்ந்தார்கள். சுமார் 20,000 பேர் இந்த மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1825இல் இடுகாட்டை மூடினார்கள். 1826இல் அது படைவீரர்கள் அணிவகுக்கும் மைதானமாயிற்று. பிறகு ஆறே வருஷத்தில் அதன் விளிம்பில் பளிங்குப் படிகள் முளைத்தன. மைதானத்தைச் சுற்றி மதிப்பான வீடுகள் வரும், மனையின் விலை ஏறும் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்குத் தவறவில்லை.

அந்த மனைகள்கூட வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமானவை அல்ல. 1801இல் இறந்துபோன ராபர்ட் ரிச்சர்ட் ராண்டல் என்ற செல்வர், வயதாகித் தளர்ந்துபோன மாலுமிகளுக்கு ஒரு புகலிடம் அமைக்க வேண்டும் என்று உயில் எழுதித் தம் பண்ணை நிலத்தை வைத்துவிட்டுப் போனார். தர்மகர்த்தாக்கள் புகலிடத்தை ஸ்டேட்டன் தீவில் கட்டினார்கள். பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அந்த வருமானத்தில் அதை நடத்தினார்கள். வரிசை கட்டி முடிந்த அதே 1833இல்தான் மாலுமிகளின் புகலிடமும் திறந்தது. ஊரின் மகா பிரமுகர்கள் தங்கள் பளிங்குத் தூண்களை ஊன்றியிருந்தது கிழட்டு மாலுமிகளின் நிலத்தில்! இப்படி ஒரு சம்பவத்தை நான் நாவலில் எழுதியிருந்தால், வேண்டுமென்றே புனைந்தது என்று விமரிசகர்கள் குறை சொல்லியிருப்பார்கள்.

இதில் வெறும் வேடிக்கை மட்டும் இல்லை. வரிசையின் ஒழுங்குக்கே இதுதான் பெரும் காரணம் என்பது என் எண்ணம். நிலம் முழுவதும் ஒரே கையில் இருந்ததால் பல குத்தகைக்காரர்களும் ஓர் ஒழுங்குக்குள் நின்றார்கள். மனைகள் தனித்தனியே விலை போயிருந்தால் அவரவர் இஷ்டப்படி ஏழு பாணியில் ஏழு வீடு எழுந்திருக்கும். அயலானை மீறாத பண்பு என்று நான் மேலே புகழ்ந்தேனே, அந்தப் பண்புக்குப் பின்னால் ஒரு குத்தகைப் பத்திரம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம். அதனால் பண்பின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. மனிதர்களின் நல்ல குணங்களில் பலவற்றுக்கும் இப்படி எங்கோ ஒரு நிர்ப்பந்தம் அஸ்திவாரமாக இருக்கத்தான் செய்கிறது.

இனி உள்ளே போகலாம். அக்காலத்து நியூயார்க் வரிசை வீட்டின் உள்ளமைப்பை நிர்ணயிப்பது பொதுச் சுவர். இரண்டு பக்கத்திலும் அயல்வீடு ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. நடுவில் இருட்டும் படிக்கட்டும். பாதி தரைக்குக் கீழே இறங்கிய அடித்தளத்தில் சமையல். தெருவிலிருந்து படியேறி வருகிற தளத்தில் உயரமான ஜன்னல்கள் கொண்ட இரண்டு வரவேற்பு அறைகள். அதற்கு மேலே குடும்பத்தாரின் படுக்கையறைகள். உச்சியில், கூரைக்கு அடியில், வேலைக்காரர்கள். பளிங்குப் படி யாருக்காக என்பது சொல்லாமலே விளங்கும். கீழே இறங்கும் சின்னப் படி வழியாக மற்றவர்கள் வந்துபோனார்கள்.

குரோட்டன் நதியிலிருந்து குழாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்தது 1842இல். அதாவது, வரிசை எழுந்த பிறகு ஒன்பது வருஷங்களுக்குக் கிணறும் மழைநீர்த் தொட்டியும் கைப்பம்பும்தான். நிலக்கரியும் தண்ணீரும் அடித்தளத்திலிருந்து படுக்கையறை வரையில் யாரோ ஒருவர் கையில் ஏறின. சாம்பலும் அழுக்குத் தண்ணீரும் அதே கையில் இறங்கின. வெளியே கோடு பிசகாமல் நிற்கும் ஜன்னல்களுக்குப் பின்னால் நாள் முழுவதும் இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டிருந்தது. முகத்தின் அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் முகத்தில் தெரியாதவர்கள்.

ஹென்றி ஜேம்ஸ் இந்தச் சதுக்கத்துக்கு ஒரு தெரு தள்ளி, 1843இல் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டியின் வீடு ஐந்தாவது அவென்யூவுக்கு மேற்கே, இதே வடபுறத்தில் இருந்தது. 1880இல் வெளிவந்த நாவலில் டாக்டர் ஸ்லோப்பர் 1835இல் இங்கே வீடு கட்டிக்கொண்டு வருகிறார். பழைய வீடு இருந்த தெருவில் வியாபாரத்தின் சந்தடி அதிகமாகிவிட்டதுதான் காரணம். புது வீட்டின் பளிங்குப் படியையும் மாடியையும் ஜேம்ஸ் நாலு வரியில் காட்டிவிட்டுக் கதைக்குப் போய்விடுகிறார். டாக்டர் கெட்டிக்காரர். அவர் மகள் காதரின் அழகியல்ல, சாமர்த்தியசாலியும் அல்ல. மாரிஸ் டவுன்ஸெண்ட் என்ற அழகான இளைஞன் அவளைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவன் குறி பணத்தின் மேல் என்று தகப்பனார் கண்டுகொள்கிறார். அவர் கண்டது சரி. சரியாகக் கண்டுகொண்டதாலேயே மகளை இரக்கமில்லாமல் நசுக்கவும் செய்கிறார். இதுதான் கதை.

இந்தக் கதைக்கு வீடு வெறும் பின்னணி என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். மாரிஸ் காதரினைச் சதுக்கத்தில் வந்து சந்திக்கச் சொல்கிறான். அவளோ வீட்டுக்கே வரும்படி சொல்கிறாள். அதற்குத் தான் பயப்படவில்லை என்கிறாள். முன்வாசல் வழியாக வந்து, வரவேற்பு அறையில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் பேச வேண்டும் என்பது அவள் தர்மம். அவள் அத்தையோ திருட்டுத்தனத்தில் ருசி கண்டவள். அதே இளைஞனைத் தூரத்தில் ஒரு சிப்பிக் கடையில் ரகசியமாகச் சந்திக்கிறாள். யார் எந்த இடத்தில் சந்திக்கிறார்கள் என்பதைக் கொண்டே ஜேம்ஸ் இரண்டு பெண்களின் குணத்தையும் எடை போட்டுவிடுகிறார். இன்னொரு கட்டத்தில் டாக்டர், அழுகிற மகளை மரியாதையாக அறை வாசல் வரையில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார். கதவுக்கு அப்பால் அவள் நிற்பது அவருக்குத் தெரிகிறது. அடிப்பதும் இல்லை, உரத்த பேச்சும் இல்லை. நாவலிலேயே குரூரமான இடம் அதுதான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அப்போதும் அந்த வீட்டு ஜன்னல்கள் பக்கத்து வீட்டு ஜன்னல்களோடு ஒரே கோட்டில்தான் தெரிந்திருக்கும்.

இந்த நாவலை வைத்து எழுந்த நாடகம் 1947இல் அரங்கேறிற்று. அதைக்கொண்டு வில்லியம் வைலர் 1949இல் படம் எடுத்தார். படத்தின் முடிவில், வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்த மாரிஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். காதரின் கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறிப் போகிறாள். கைதட்ட வைக்கும் காட்சி. ஆனால் ஜேம்ஸ் அப்படி எழுதவில்லை. நாவலில் அவன் உள்ளே வருகிறான், உட்கார்ந்து பேசுகிறான், மறுப்பைக் கேட்டுக்கொண்டு போகிறான். அவள் அதே வரவேற்பு அறையில் தையல் வேலையை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுகிறாள், இனி எழுந்திருக்கவே போவதில்லை என்பதுபோல. பழிவாங்கி ஏறிப்போவதற்குப் படிக்கட்டு பொருத்தம்தான். ஆனால் இந்த வீட்டின் மையம் படிக்கட்டு அல்ல, அந்த அறை. வைலரைவிட ஜேம்ஸுக்கு வீட்டை நன்றாகத் தெரியும்.

ஜேம்ஸிடம் எனக்குள்ள குறை ஒன்று உண்டு. அவர் வரவேற்பு அறைக்குக் கீழே இறங்கவே இல்லை. கதவு திறக்கவும் செய்தி கொண்டுபோகவும் தவிர, அவர் கதையில் வேலைக்காரர்களுக்கு ஏறக்குறைய இடமே கிடையாது. முகப்பைக் கட்டியவர்கள் எதை மறைத்தார்களோ அதை அவரும் மறைத்துவிட்டார். தகப்பன் மகளுக்குச் செய்த கொடுமையை அந்தச் சுவருக்குள் கண்டுகொண்டவர், அடுப்புக்கு எதிரே நின்றவளையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நிலக்கரி சுமந்த கால்களின் அனுபவம் பிற்பாடு வேறொரு கலைஞனுக்கு வாய்த்தது. மூன்றாம் எண் வீட்டை 1884இல் ஓவியர்களின் கூடங்களாக மாற்றியமைத்தார்கள். 1913இல் எட்வர்ட் ஹாப்பர் என்ற ஓவியர் அதன் மேல்தளத்துக்குக் குடிவந்தார். 1967இல் இறக்கும் வரையில் அங்கேயே இருந்தார். மொத்தம் 74 படிகள். அடுப்புக்கு வேண்டிய கரியை அவரே தூக்கிக்கொண்டு ஏறுவார். 1930இல் அவர் தீட்டிய 'ஞாயிறு அதிகாலை' என்ற ஓவியத்திலும் ஒரு சிவப்புச் செங்கல் வரிசைதான் இருக்கிறது. பணக்கார வரிசை அல்ல. கீழே கடைகளும் மேலே குடித்தனங்களும் கொண்ட சாதாரணத் தெரு. முதலில் ஒரு ஜன்னலில் மனித உருவம் ஒன்றை வரைந்து, பிறகு அதை வண்ணம் பூசி மறைத்துவிட்டாராம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும், பின்னால் ஆள் இருப்பதாகவே தோன்றுகிறது. மறைப்பிலும் இரண்டு வகை உண்டு போலிருக்கிறது: ஆள் இல்லை என்று நம்பவைக்கிற மறைப்பு, ஆள் எங்கே என்று தேடவைக்கிற மறைப்பு. இரண்டாவதுதான் கலை.

கடைசியாக, இந்த வரிசைக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 1930களின் இறுதியில் ஏழாம் எண்ணிலிருந்து பதின்மூன்றாம் எண் வரையில் உள்ள வீடுகளின் முகத்தை மட்டும் நிறுத்திவைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அகற்றி, ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பாக்கினார்கள். நுழைவாயில் ஐந்தாவது அவென்யூ பக்கம் திரும்பிவிட்டது. மேற்கே ஜேம்ஸின் பாட்டி வீடு இருந்த பகுதி இன்னும் மோசம். 1950களின் தொடக்கத்தில் அங்கே உயரமான குடியிருப்பு ஒன்று எழுந்தது. ஊரார் போட்ட கூச்சலுக்கு மரியாதையாக, சதுக்கத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் தாழ்வாக, சிவப்புச் செங்கல்லில் ஒரு பகுதியைக் கட்டினார்கள். இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்ற நியூயார்க்கில் சட்டம் வந்தது 1965இல். இந்தப் பகுதி முழுவதும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது 1969இல். இன்று கிழக்கு வரிசை பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் உபயோகத்தில் இருக்கிறது.

முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது போலி என்று சிலர் கோபப்படுகிறார்கள். முகமாவது மிஞ்சிற்றே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். தெருவில் நடக்கிறவனுக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரி. சதுக்கத்துக்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் அழகாக இருக்கிறது. உள்ளே யார் எப்படி இருந்தால் அவனுக்கு என்ன? அந்த மட்டில் நான் அதை இடிக்காமல் விட்டவர்களுக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் நாவலாசிரியன் தெருவோடு திருப்திப்பட்டுவிட முடியாது. ஏழாம் எண்ணுக்கும் பதின்மூன்றாம் எண்ணுக்கும் நடுவில் அழிந்துபோனது வெறும் மரமும் சாந்தும் அல்ல. தண்ணீர் ஏறிய படிக்கட்டும், அடுப்பெரிந்த அடித்தளமும், மகளை வெளியே நிறுத்திச் சாத்திய அறைக் கதவும் போய்விட்டன. எஜமானர்கள் ஊருக்குக் காட்ட விரும்பியது மட்டும் பத்திரமாக நிற்கிறது. அவர்கள் மறைக்க விரும்பியது இப்போது நிரந்தரமாக மறைந்துவிட்டது. 1833இல் அந்த முகப்பு செய்யத் தொடங்கிய வேலையை, நூறு வருஷம் கழித்து, அதைக் காப்பாற்றியவர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய தெருக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பத்து முகப்புகளைக் காப்பாற்ற முடிந்தால் மிகவும் நல்லது. அவற்றில் ஒரு வீட்டையாவது சமையலறையிலிருந்து கூரையடி வரையில் முழுசாக வைத்திருங்கள். அந்தச் செங்கல் வரிசையை நான் ரசிக்கிறேன். அதைப்போல் அடக்கமும் அழகும் சேர்ந்த தெருக்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் அந்த அடக்கத்துக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதை அறிய, பளிங்குப் படியின் பக்கத்தில் கீழே இறங்குகிற சின்னப் படி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.